பெட்டிக்குள் போன என் தொப்பி

எங்கள் குடியிருப்பின் முதல் லவுட்ஸ்பீக்கர் நான்தான். இரண்டாவதாக வந்ததுதான் மின்சாரத்தில் வேலை செய்தது.

பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதை வைத்து நான் பெருமைப்பட? பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு வாத்தியார் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "இவன் வாய்ப்பாட்டைப் பிழையாச் சொல்லுறது எனக்குப் பிரச்சினையில்லை. இவன்ர சத்தத்தைக் கேட்டு அங்கால மூண்டாம் வகுப்பும் பிழையாச் சொல்லுது" என்று அப்பாவிடம் முறைப்பட்டாராம். அதற்குப் பிறகு வன்னியில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம். புளியங்குளம் சந்தியிலிருந்து உள்ளே போக வேண்டும். குளத்தை நம்பி இருந்த குடியிருப்பு. அங்கேதான் என் தொண்டைக்கு மதிப்பு வந்தது. குளத்துத் துருசைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் இறங்குமுன் என் குரல் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "தண்ணி வருதோய்!" என்று ஒரு தரம் விட்டால் போதும், சனம் மண்வெட்டியோடு எழும்பும். நான் காவலுக்குப் போன வயலில் பன்றி கலைக்கத் தகரம் தட்டத் தேவையில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எனக்குக் கோமாளி வேசம் தந்ததும் இந்தத் தொண்டைக்காகத்தான். முகமும் பொருந்தியிருக்கு என்று பிறகு சொன்னார்.

ஊர் என்னை "லவுட்ஸ்பீக்கர்" என்று கூப்பிட்டது. உண்மையான லவுட்ஸ்பீக்கரை எங்களில் பாதிப்பேர் கண்டதில்லை. அதனால் போட்டியும் இல்லை.

பிறகு அந்த மனிதர் வந்தார்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவருக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை சேர்ந்துவிடும். இருக்கிற மரியாதையே எனக்குத் தாங்கவில்லை. ரேடியோ திருத்துகிற கைவேலைக்காரர் என்று ஊரில் "ரேடியோ பாஸ்" என்றார்கள். முல்லைத்தீவிலிருந்து வந்து எங்கள் ஊரில் நெல்லு மில் போட்டிருந்த முஸ்லிம் முதலாளி, மில் டைனமோ பழுதானபோது எங்கிருந்தோ பிடித்து வந்த ஆள். வேலணைக்காரர் என்றார்கள் சிலர். கொழும்பில் படமாளிகையில் வேலைக்கு நின்றவர் என்றார்கள் வேறு சிலர். அவரிடமே கேட்கலாம்தான். கேட்டால் அவர் பதில் சொல்லுவார். அந்தப் பதிலைக் கேட்க நாம் குனிய வேண்டும். அங்கேதான் எனக்கு அவரோடு பிரச்சினை.

அந்த மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசுவார்.

முதல் நாள் மில் படலையில் நின்று நான் கேட்டேன்: "ஆர் நீர்? எங்கயிருந்து வாறீர்?" டைனமோவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர் வாயை அசைத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்னது?" என்றேன். மறுபடி வாய் அசைந்தது. நான் முற்றத்தைக் கடந்து, வாசற்படிக் கல்லைக் கடந்து, அவருக்கு முன்னால் போய், முதுகை வளைத்துக் காதைக் கொடுத்தேன்.

"டைனமோ பாக்க வந்தனான், அண்ணை."

இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் நடக்கவிட்டார்? ஒரு மனிதனுக்கு முன்னால் நான் குனிந்தது அதுதான் முதல்தரம். என் முதுகு அதை இன்னும் மறக்கவில்லை.

பிறகு பார்க்கிறேன், ஊரே குனிகிறது. தேத்தண்ணிக் கடையில் நான் வாசலில் நின்றே "ஒரு பிளேன் ரீ!" என்று கேட்டால், கடைக்காரர் திரும்பாமலே, "கேட்டது, கேட்டது. ஸ்ரேசனுக்கும் கேட்டிருக்கும். கோச்சி வந்தாப் பிறகு தாறன்" என்பார். பாஸ் வாயைத் திறந்தாலோ கடையில் எல்லாரும் கதையை நிற்பாட்டிவிடுவார்கள். கடைக்காரர் அடுப்பை விட்டு வந்து மேசையில் கையூன்றிக் காதைக் கொடுப்பார். அவருடைய தேத்தண்ணி முதல் வரும். சீனியும் கூட.

நான் பேசினால் சனம் ஒரு அடி பின்னுக்குப் போகும். அவர் பேசினால் ஒரு அடி முன்னுக்கு வரும். இந்த இரண்டு அடிக்கும் நடுவில்தான் என் சீவியம் எரிந்துகொண்டிருந்தது.

தலைமயிர் வேறு. சேர்ட்டுப் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பார். எந்தப் பழுதான சாமானைத் திறக்க முன்னும் தலையை வாரி, வகிடு சரிபார்த்து, சீப்பைத் துடைத்து, பிறகுதான் ஆணியில் கை வைப்பார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை தோற்றான். எனக்கு அப்போதே முன்தலை வயல் வெட்டின மாதிரி. அதையும் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

டைனமோ ஓடியதும் அவர் போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம் ஒரு பெட்டி.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கிமார் ஒவ்வொருவராக அவுஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புளியங்குளம் ஸ்ரேசன் குவார்ட்டஸில் இருந்த பறங்கி ஐயாவும் போனார். அவரிடம் மின்சாரத்தில் பாடுகிற கிற்றார் ஒன்று இருந்தது. கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் சத்தத்தைப் பெரிதாக்கும் அம்பிளிபயர் பெட்டி பாரம் என்று, கதிரை அலுமாரியோடு சேர்த்து மில் முதலாளியிடம் விட்டார். முதலாளிக்கு அதால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. நெல்லுச் சாக்குகளுக்கு நடுவில் போட்டு, மேலே வெற்றிலைத் தட்டம் வைத்திருந்தார்.

ஒரு நாள் பாஸ் அந்தத் தட்டத்தைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு, தலையை வாரினார்.

"உதுக்குள்ள ஒண்டுமில்லைத் தம்பி. எலி குடும்பம் நடத்துது" என்றார் முதலாளி.

பாஸ் ஏதோ சொன்னார். முதலாளி அந்தப் பெரிய வயிற்றோடு குனிந்தார். நிமிரும்போது முகம் மாறியிருந்தது. "செய், தம்பி. என்ன வேணுமோ கேள்" என்றார். என்ன சொன்னாரென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 'இது உயிரோட இருக்கு' என்றாராம். ஒரு பலகைப் பெட்டியைப் பார்த்து! என் சொந்த மாமியார் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை.

வேலை வெட்டியில்லாமல் நான் அன்றிலிருந்து மில்லுக்குப் போகத் தொடங்கினேன். பார்க்கத்தான். அவருடைய வேலை பழுதாய்ப் போவதைப் பார்க்க.

பின் பலகையைக் கழற்றினார். உமியும் தாளும் சேர்த்துக் கட்டிய எலிக்கூடு ஒன்று விழுந்தது. காய்ந்த பல்லி ஒன்று விழுந்தது. வயருக்கு மேலே சுற்றியிருந்த துணியை எலி நன்னிக் கடித்திருந்தது. கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாக அசைத்து அசைத்துக் கழற்றி, துடைத்து, சுளகில் வைக்கோல் பரப்பி அதில் கிடத்தினார்.

"என்ன பாஸ், அடை வைக்கப் போறியளோ? குஞ்சு பொரிச்சா எனக்கும் ஒரு சேவல் தாங்கோ" என்றேன். மில்லில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சத்தமில்லாமல். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் பகிடிக்குச் சத்தமாகச் சிரிக்காதவர்களை நான் நம்புவதில்லை.

மின்சாரத்தை அவர் நேரே கொடுக்கவில்லை. நடுவில் ஒரு பல்பைத் தொடுத்தார். பெட்டிக்குள் எங்கேயாவது வயர் முட்டிக்கொண்டிருந்தால் பல்பு முழுதாக எரியும். சரியாக இருந்தால் மங்கும். முதல் நாள் பல்பு கல்யாண வீட்டு விளக்குப் போல எரிந்தது. எனக்குச் சரியான சந்தோசம்.

"நல்லா எரியுது! வேலை முடிஞ்சுது!" என்று கத்தினேன்.

அவர் தலையை ஆட்டினார். "எரியக் கூடாது, அண்ணை."

அவருக்கு ஒரு சொல் இருந்தது: "அது சொல்லட்டும்." எங்கே பழுது, எத்தனை நாள் எடுக்கும், சரிவருமா, எது கேட்டாலும் அதுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்து இருப்பார். எல்லாரும் அவரிடம் குனிகிறார்கள். அவர் பெட்டியிடம் குனிகிறார். பெட்டி யாரிடமும் குனியவில்லை. அந்த வரிசையில் நான் எங்கே நிற்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். பல்லிக்குப் பக்கத்தில்.

மின்சாரத்தை நிற்பாட்டிய பிறகு ஒரு நாள், 'எலி நன்னின இடம் எது' என்று பார்க்க நான் விரலை விட்டேன். அவர் கையைத் தூக்கி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கக் குனிந்தால் மானம் போகும் என்று குனியவில்லை. பெட்டி என் கையைப் பிடித்து உதறியது. நான் போட்ட சத்தத்தில் சந்தியிலிருந்து ஆள் ஓடி வந்தது.

"நிப்பாட்டின பிறகும் கண்டென்சருக்குள்ள கரண்ட் நிக்கும், அண்ணை. அதைத்தான் சொன்னனான்" என்றார், என் முதுகைத் தடவிக்கொண்டு.

"உதைக் கொஞ்சம் சத்தமாச் சொன்னா என்ன குறைஞ்சு போமோ?"

அவர் காதைச் சொறிந்தார்.

கண்டென்சர்களை, செத்துப்போன ரேடியோக்களிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்து எடுத்துப் போட்டார். ஈயம் உருக்கும் கோலைக் கரியடுப்பில் காயவைத்து, நன்னிய வயர்களையெல்லாம் மாற்றிப் பற்றவைத்தார். பல்பு நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. என் முகமும்தான்.

கடைசியில் மிஞ்சியது பெட்டியின் தொண்டை. சத்தம் வரும் ஸ்பீக்கருக்கு உள்ளே தாளால் செய்த புனல் ஒன்று இருக்கும். அதில் முக்கால்வாசி எலியின் வயிற்றுக்குள். அதற்கு மெல்லிய, உறுதியான தாள் வேண்டும் என்றாராம். அன்று நான் வயலில். மாலை வீட்டுக்கு வந்தால் முற்றத்துக் கொடியில் என் கோமாளித் தொப்பியின் எலும்புக்கூடு தொங்குகிறது. பிரம்பு மட்டும். சிவப்புத் தாளைக் காணவில்லை.

"என்ர தொப்பிக்கு என்ன நடந்தது?"

என் மனிசி குசினிக்குள்ளிருந்து சொன்னா: "பாஸ் வந்து கேட்டவர். குடுத்தனான்."

"கேட்டவரோ? அவர் கேட்டது உனக்குக் கேட்டதோ?"

"கிட்டப் போய்த்தான் கேட்டனான். பாவம், எவ்வளவு மரியாதையாக் கேட்டார் தெரியுமே? நீங்கள் ஒருநாளாவது உப்பை அப்பிடிக் கேட்டிருக்கிறியளே?"

கிட்டப் போனாவாம்! கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னோடு கதைக்கும்போது ஒரு உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொள்கிற மனிசி அவ. 

அடுத்த நாள் மில்லில் பார்த்தேன். விளாம்பிசினைக் காய்ச்சி, என் தொப்பியைத் துண்டு துண்டாகக் கிழித்து, கிழிந்த புனலில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். நடுவில் சிவப்பு. செம்பரத்தம் பூ மாதிரி. வடிவாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் வயிறு எரிந்தது.

முதலாளி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மைக் எடுப்பித்தார். மில் இயந்திரத்தின் சத்தம் கேட்காத தூரத்துக்கு வயர் இழுத்து, திண்ணையில்லாத கொட்டில் ஒன்றில் மேசை போட்டுப் பெட்டியை வைத்தார்கள். பாஸ் தலையை வாரினார். சுவிச்சைப் போட்டார். பல்பு இல்லை, நேரே மின்சாரம். வால்வுகள் உள்ளே தணல் மாதிரிச் சிவந்தன. பெட்டி "ம்ம்ம்" என்று குளவிக்கூடு போல முரன்றது. ஒரு இரும்புக் கம்பியை நிலத்தில் அடித்து, தண்ணீர் ஊற்றி, பெட்டியிலிருந்து அதற்கு ஒரு வயர் கொடுத்தார். முரல்வது அடங்கியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் மட்டும் வேறு காரணத்துக்காக.

அவர் மைக்குக்குக் கிட்டப் போய், எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "ஹலோ. கேக்குதோ?"

கேட்டது. வயலில் குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். கிணற்றடியில் நின்ற பெண்டுகள் வாளியைக் கைவிட்டார்கள். அது சத்தம் இல்லை, அங்கேதான் விசயம். சத்தம் என்றால் என்னிடமும் இருக்கிறது. அது ஒவ்வொருவருடைய காதுக்குள்ளும் தனித்தனியாக வந்து கேட்டது.

வீட்டுக்கு வந்தேன். என் மனிசி படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா.

"இஞ்சாருங்கோ, ஆற்ற குரல் அது? பக்கத்தில இருந்து காதுக்குள்ள கதைக்கிற மாதிரியெல்லே கிடக்கு!"

"அது என்ர தொப்பி" என்றேன். "என்ர தொப்பிதான் கதைச்சது."

அதற்குப் பிறகு ஊரில் என் பட்டம் "பழைய லவுட்ஸ்பீக்கர்."

மைக்கில் எல்லாருக்கும் ஒரு தரம் பேசிப் பார்க்கக் கிடைத்தது. என் முறை வந்தபோது நான் "தண்ணி வருதோய்!" என்று விட்டேன். பெட்டி கரகரவென்று இருமியது. பாஸ் பாய்ந்து சத்தத் திருகைக் குறைத்தார். பிறகு ஒரு தடியால் நிலத்தில் கோடு போட்டார், வைக்கோல் போருக்குப் பக்கத்தில். "நீங்கள் அங்கால நிண்டு கதையுங்கோ, அண்ணை. அது தாங்காது." ஊரில் எல்லாரும் மைக்குக்கு முன்னால், நான் மட்டும் மாடுகளோடு. "பெட்டிக்கே உன்ர குரல் செமிக்கேல்லை" என்று மில் இயந்திரம் ஓட்டுகிறவன் சிரித்தான்.

இவ்வளவையும் பொறுத்திருப்பேன். அண்ணாவியாருடைய வாயிலிருந்து வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த வருசக் கூத்து மில்லுக்குப் பக்கத்து வெளியில். முதலாளி பெட்டியைத் தருவதாகச் சொல்லிவிட்டார். அண்ணாவியார் என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச பார். நீ ஆடு. கோமாளியின்ர கதையை அவர் மைக்கில சொல்லட்டும். நீ வாயை மட்டும் அசை."

"அண்ணாவியார், கோமாளிக்கு வாய்தானே வேசம்!"

"சனத்துக்கு அவற்ற குரல் பிடிச்சிருக்கு. நான் என்ன செய்ய?" கொஞ்சம் இரங்கினார். "சரி. வெள்ளுடுப்பில பாப்பம். பெட்டி கரகரக்காமல் நீ கதைச்சியெண்டா, கதை உன்ர. கரகரத்துதெண்டா, ஆட்டம் உன்ர, கதை அவற்ற."

வெள்ளுடுப்பு என்பது கூத்துக்கு முதல் ஒரு பின்னேரம், முடி உடுப்பு ஒன்றுமில்லாமல் வெள்ளை வேட்டியோடு ஊருக்கு முன்னால் ஆடிக் காட்டுவது. அதில் பிழைவிட்டவனிடமிருந்து அண்ணாவியார் வேசத்தைப் பறித்ததும் உண்டு. நெல்லு விளைச்சலிலும் தோற்று, தலைமயிரிலும் தோற்று, படிப்பில் இரண்டாம் வகுப்போடு தோற்ற எனக்கு அந்த வாய் ஒன்றுதான் மிச்சம். அதை அசைக்க மட்டும் விடுகிறார்களாம்.

ஆகவே மெல்லக் கதைக்கப் பழகினேன். வீட்டில்தான் பயிற்சி. சாப்பாட்டுக்கு இருந்து, பாஸைப் போலவே தலையைச் சரித்து, "கொஞ்சம் சொதி விடும்" என்றேன், காற்றுப் போல.

மனிசி சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் கையை வைத்தா. "என்ன, காய்ச்சலோ?"

"இல்லை" என்றேன், அதே காற்றில்.

"தொண்டை கட்டிப்போச்சு. அதுதான் கேக்கேல்லை. படுங்கோ." கொத்தமல்லி அவித்துத் தந்தா. அடுத்த நாளும் மெல்லக் கதைத்தேன். அடுத்த நாளும் கொத்தமல்லி. வெள்ளுடுப்பு வரும்வரை நான் குடித்த கொத்தமல்லியில் ஒரு பாத்தி விதைக்கலாம். ஒரு தரமாவது அவ குனிந்து என் வாய்க்குக் கிட்டக் காதைக் கொண்டுவரவில்லை. மற்றவர்கள் குனிய ஒரு மனிதனிடம் என்ன இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை.

வெள்ளுடுப்பு நாள் ஊர் முழுக்க வந்துவிட்டது. நாங்கள் கூத்தாடும் களரி வட்டமானது. நாலு பக்கமும் சனம் இருக்கும். நடுவில் விளக்குத் தொங்கவிட ஒரு கம்பம். வருகிற வேசமெல்லாம் அந்தக் கம்பத்தைச் சுற்றி ஆடி எல்லாப் பக்கத்துக்கும் முகம் காட்ட வேண்டும். ஒரு பக்கத்தை விட்டால் அந்தப் பக்கத்துச் சனத்துக்குக் கோபம் வரும். பெட்டி வட்டத்துக்கு வெளியே மேசையில். பாஸ் பக்கத்தில் நின்றார். மைக்கை என் கையில் தந்தார்கள். பின்னால் நீளமாக வயர்.

நான் நுழைந்தேன். பாஸைப் போலவே மெதுவாக, "வணக்கம், மகாசனங்களே. தொண்டை கட்டின கோமாளி வந்திருக்கிறன். கொத்தமல்லி குடுத்துக் கொல்லுறா மனிசி" என்றேன்.

பெட்டி கரகரக்கவில்லை! என் குரல் ஒவ்வொரு காதுக்குள்ளும் தனித்தனியாகப் போனது. சிரிப்பு எழும்பியது. நான் சுற்றத் தொடங்கினேன். கிழக்குப் பக்கத்துக்கு ஒரு பகிடி. தெற்குப் பக்கத்துக்கு ஒன்று. சிரிப்புக் கூடிக்கொண்டே போனது. இரண்டாம் சுற்றில் நான் பகிடி சொல்ல முதலே சிரித்தார்கள். ஆகா, இதுதான் அவருடைய இரகசியமோ என்று நினைத்தேன். வாயைத் திறக்கவே சிரிக்கிறார்களே! சனம் கையை நீட்டிக் காட்டிக் காட்டிச் சிரித்தது. நானும் நெஞ்சை நிமிர்த்தி இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

அவர்கள் காட்டியது என்னை இல்லை, வயரை. நான் சுற்றச் சுற்ற அது கம்பத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காலாகாலமாகச் சுற்றியாடுகிற கூத்தில், முன்னால் வந்த எந்த வேசத்துக்கும் வால் இருந்ததில்லை; அதனால் அண்ணாவியாருக்கும் யோசனை வரவில்லை, எனக்கும் வரவில்லை. வயர் விறைத்தது. மேசையில் பெட்டி மெல்ல மெல்ல விளிம்புக்கு வந்தது. நான் அடுத்த சுற்றுக்குக் காலைத் தூக்கினேன்.

"நில்லுங்கோ அண்ணை!"

இடி விழுந்தது என்றுதான் நினைத்தேன். காலைத் தூக்கியபடியே நின்றேன். வண்டிலில் பூட்டியிருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. குளக்கட்டில் ஆள்காட்டிக் குருவிகள் கூட்டமாக எழும்பிக் கத்தின. மில்லுக்குள் நின்றவன் ஏதோ விபத்து என்று இயந்திரத்தையே நிற்பாட்டிவிட்டான். முதலாளி பாய்ந்து பெட்டியைத் தன் வயிற்றால் தாங்கிக்கொண்டார். எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். மின்சாரம் நின்று பெட்டி செத்துக்கிடந்தது, மைக்கோ என் கையில். அந்தச் சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை.

பிறகு எல்லாரும் பாஸைப் பார்த்தார்கள்.

அந்த மனிதரிடம் அது இருந்திருக்கிறது! என்னுடையதைவிடப் பெரியது. என் தொண்டையை அதற்குள் போட்டுக் குலுக்கலாம். வைத்துக்கொண்டே இவ்வளவு நாளும் காற்றில் கதைத்திருக்கிறார். அதுவும் அந்த இடியிலும் "ங்கோ" போட்டார், "அண்ணை" போட்டார். அவசரத்தில் கத்தும்போதும் மரியாதை தவறவில்லை. எனக்கென்று ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம்.

அண்ணாவியார் மாட்டுச் சந்தையில் நல்ல நாம்பனைக் கண்டவர் போல அவரைப் பார்த்தார். "தம்பி, உமக்கு ராசா வேசம் தரட்டோ?"

பாஸ் வாயை அசைத்தார். அண்ணாவியார் குனிந்தார். வேண்டாம் என்றிருக்கிறார்.

முதலாளி பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி சொன்னார்: "வயர் உங்கட கூத்துக்குச் சரிவராது, அண்ணாவியார். பெட்டியும் மைக்கும் வெளியிலயே நிக்கட்டும். உள்ளுக்கு அவரவர் தொண்டை." வட்டத்தை விட அண்ணாவியாருக்கும் மனமில்லை. ஆகவே கோமாளியின் கதை என்னிடமே தங்கியது. வாய் திரும்பக் கிடைத்தது. திறமையால் இல்லை, வயரால்.

நான் மைக்கை வைத்துவிட்டு நேரே அவரிடம் போனேன். "உவ்வளவு பெரிய தொண்டையை வைச்சுக்கொண்டு ஏன் ஐசே இப்பிடிக் கதைக்கிறீர்?"

பின்னால் என் மனிசியும் வந்து நின்றா. அவர் பதில் சொன்னார். இரண்டுபேரும் குனிந்தோம்.

"ரெண்டு பேர் கத்தினா ஊர் தாங்காது, அண்ணை."

மனிசி விழுந்து விழுந்து சிரித்தா. என் இருபது பகிடிக்குச் சிரிக்காதவ.

"அப்ப இஞ்ச வர முன்னம்?" என்று விடாமல் கேட்டேன். "அங்க ஆர் கத்தினது?"

அவர் காதைச் சொறிந்துவிட்டு, சீப்பை எடுத்து, பெட்டியின் பின் பலகையைக் கழற்றத் தயாரானார்.

கூத்தன்று எனக்கு முன்னால் பெட்டி பேசியது. "அடுத்ததாக வருபவர், எங்கள் ஊர் லவுட்ஸ்பீக்கர்" என்றது, ஒவ்வொரு காதுக்குள்ளும் தனித்தனியாக. "பழைய" என்ற சொல்லைப் பாஸ் விட்டுவிட்டார். என் சிவப்புத் தொப்பி அதிர்ந்து அதிர்ந்து அதைச் சொன்னது. நான் வெறுந்தலையோடு உள்ளே போய் ஆடினேன். நன்றாகத்தான் ஆடினேன். பிறகு எல்லாரும் பெட்டியைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

அடுத்த போகத்துக்கு அவர் ஊரில் இல்லை. எங்கே போனார் என்று முதலாளிக்குச் சொன்னாராம். முதலாளிக்குச் சரியாகக் கேட்கவில்லையாம்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. தொண்டை போய்விட்டது. கத்த நினைத்தாலும் காற்றுத்தான் வருகிறது. கடைசியில் அந்த மனிதரைப் போலவே கதைக்கிறேன், பழகாமலே. நேற்றும் சாப்பிட இருந்து, தலையைச் சரித்து, "கொஞ்சம் சொதி விடும்" என்றேன்.

மனிசி குனியவில்லை. இருந்த இடத்திலிருந்தே, பழைய பழக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு, குசினி அதிரக் கத்தினா:

"சத்தமாச் சொல்லுங்கோவன்!"